வாக்குமூலத்தில் நான் எழுதிய வரி

இன்று காலை மகளின் பள்ளி வேலைக்காக அடுப்பில் மைதா காய்ச்சினேன். பசை கெட்டியாகி வந்தபோது, பூச்சி அரிக்காமலிருக்க நீங்கள் போடும் மயில்துத்தத்தை என் கை தானாகத் தேடியது. பசையின் வாடையோடு நீங்களும் வந்துவிட்டீர்கள். அடுப்பை அணைத்தேன்.

அம்மா இறந்த மறுவருடம் அப்பா உங்களைக் கட்டிக்கொண்டு வந்தார். எனக்கு ஒன்பது வயது. உங்களை நான் எந்த முறை வைத்தும் கூப்பிட்டதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் அப்பாவிடம் சொல்வேன். அவர் இல்லாத நேரத்தில் உங்கள் முன்னால் போய் நிற்பேன். நீங்களும் வற்புறுத்தவில்லை. வெடிக்கான காகிதக் குழாய்களை உருட்டிக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்ப்பீர்கள். "பசிக்குதா?" என்பீர்கள். பெரும்பாலும் அதுதான் கேள்வியாக இருக்கும்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு படித்த வருடம், தீபாவளிச் சீசனில், அப்பா வேலை பார்த்த பட்டாசு ஆலையின் மருந்து அறை வெடித்தது. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோனார். காரியம் முடிந்ததும் மல்லாங்கிணற்றிலிருந்து உங்கள் அண்ணன் வந்தார். உங்களுக்குப் பிறந்த என் தம்பியைத் தூக்கிக்கொண்டு புறப்படச் சொன்னார். மூத்தவள் பிள்ளைக்காக இங்கே கிடந்து சாக வேண்டுமா என்று அவர் கேட்டது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. மறுநாள் அவர் மட்டும் பஸ் ஏறினார். ஏன் போகவில்லை என்று நான் உங்களிடம் கேட்டதே இல்லை.

சுனாமிக்குப் பிறகு வந்த கோடையில் மதுரையில் பி.பார்ம் படிக்க எனக்கு இடம் கிடைத்தது. கடிதத்தைத் தகரப்பெட்டியின் அடியில் வைத்துவிட்டு, சாத்தூரில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியில் கணக்கெழுதப் போவதாகச் சொல்லிவிட்டேன். ரேஷன் கார்டு தேடியபோது கடிதம் உங்கள் கையில் சிக்கியது. படிக்கத் தெரியாத நீங்கள் அதைத் தபால்காரரிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறீர்கள். திரும்பி வந்தபோது கடிதத்தை மஞ்சள் பையில் பத்திரமாக வைத்திருந்தீர்கள்.

"அடமானம் இல்லாம பேங்குல படிப்புக்குக் கடன் குடுக்காகளாம். போயிக் கேப்போம்," என்றீர்கள்.

அன்றிலிருந்து நம் அலைச்சல் தொடங்கியது. வருமானச் சான்றிதழுக்குக் கிராம நிர்வாக அலுவலர், முத்திரைக்குத் தாலுகா ஆபீஸ், போட்டோ, ஜெராக்ஸ். நீங்கள் குழாய் உருட்டாத ஒவ்வொரு நாளும் கூலி இல்லாத நாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. வரிசையில் முன்னால் நிற்பவரிடம் என்ன காகிதம் கொண்டுவந்திருக்கிறார் என்று கேட்டுக்கொண்டே நிற்பீர்கள். எனக்கு வெட்கமாக இருக்கும்.

வங்கி மேலாளர் நல்லவர்தான். காகிதங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ரேஷன் கார்டில் நின்றார். அதில் இறந்துபோன என் அம்மாவின் பெயர்தான் இன்னும் இருந்தது. உங்களைப் பார்த்து, "இந்தப் பொண்ணுக்கு நீங்க என்ன வேணும்?" என்று கேட்டார்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

"எங்க அப்பா ரெண்டாவது கட்டுனவுக," என்றேன் நான்.

பெற்றவரோ காப்பாளரோ கூடச் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும், உங்கள் உறவுக்கு ஓர் ஆதாரமும் இல்லையே என்று அவர் கையை விரித்தார். திரும்பும் பஸ்ஸில் வெம்பக்கோட்டை அணை தாண்டும்வரை நீங்கள் மஞ்சள் பையிலிருந்த காகிதங்களை அடுக்கிக்கொண்டே வந்தீர்கள். என்னால் உங்கள் பக்கம் திரும்ப முடியவில்லை. பிறகு ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னீர்கள்: "நீ சொன்னது நெசந்தான. அதுக்கு என்ன பேப்பர் வேணுமோ அதயும் வாங்குவோம்."

அப்பாவின் மனைவி என்று உங்கள் பெயரும் வரும் வாரிசுச் சான்றிதழுக்கு மனுக் கொடுத்தோம். கோயிலில் நடந்த கல்யாணத்துக்குப் பதிவு கிடையாது என்பதால் கிராம நிர்வாக அலுவலர் தெருவுக்கே விசாரணைக்கு வந்தார். அக்கம்பக்கத்தார் சாட்சி சொன்னார்கள். என்னிடம் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, அவர் சொல்லச் சொல்ல வாக்குமூலம் எழுதச் சொன்னார். 'மேற்படி நபர் என் தந்தையின் இரண்டாவது மனைவி ஆவார்.' அத்தோடு முடித்து என் கையெழுத்தைப் போட வேண்டும். என் பேனா நிற்கவில்லை. 'என் ஒன்பதாவது வயது முதல் இவரே எனக்குத் தாயாராக இருந்து வருகிறார்' என்று நானாக எழுதினேன்.

அவர் தாளை வாங்கிக் கூடியிருந்தவர்களுக்குக் கேட்கும்படி வாசித்தார். கடைசி வரியையும் வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். "இது தேவையில்ல. எழுதிட்ட, இருக்கட்டும்," என்றார்.

நீங்கள் தலை குனிந்து நின்றீர்கள். சேலைத் தலைப்பால் விரலில் ஒட்டிக் காய்ந்திருந்த பசையைத் துடைத்துக்கொண்டே இருந்தீர்கள். "பேங்குல இது போதும்னு சொல்லுவாகளா சார்?" என்று மட்டும் கேட்டீர்கள்.

போதும் என்றார்கள். படித்தேன். அரசு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை கிடைத்தது, கடனும் தீர்ந்தது. மதுரைக்கு வந்து என்னோடு இருக்கச் சொன்னால் நான்கு நாளுக்கு மேல் தங்கமாட்டீர்கள். மூச்சுத் திணறலோடு கடைசியாகப் படுத்தபோதுகூட, தம்பியின் கல்லூரி உதவித்தொகையைப் புதுப்பிக்கும் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் என்றைக்கு என்றுதான் விசாரித்தீர்கள். கொடுத்தாகிவிட்டது என்றேன். கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

அன்று அந்தத் தாளில் எழுதியதை உங்களிடம் வாய்விட்டு ஒருநாளும் நான் சொன்னதில்லை. எத்தனையோ வருடங்கள் இருந்தன. போனில் "சாப்பிட்டீகளா" என்று தொடங்குவேன்; அதற்கே நீங்கள் நிறைந்துபோனதுபோல் பேசுவீர்கள்.

ஒவ்வொரு ஜூனிலும் இரண்டு நாள் விடுப்புப் போட்டு ஊருக்குப் போகிறேன். கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்குக் கடன் படிவமும் உதவித்தொகைப் படிவமும் எழுதிக் கொடுக்கிறேன். பிள்ளையோடு யாராவது ஒருவர் பையை இறுக்கிப் பிடித்தபடி வந்து நிற்கிறார். சில நேரம் அம்மா, சில நேரம் அத்தை, சில நேரம் உறவு எதுவுமில்லாத பக்கத்து வீட்டுக்காரி. முதலில் அவர்களை உட்காரச் சொல்கிறேன். இந்தப் பிள்ளைக்கு நீங்கள் என்ன வேணும் என்ற கேள்வியைப் பிள்ளை எதிரில் நான் கேட்பதில்லை.