ரெட்பர்ன் ஹோட்டலின் முதல் அத்தியாயம்

1934 ஜனவரி 12, வெள்ளி

தாவீது ஐயா அனுப்பிய பெட்டி இன்று ரயிலில் வந்தது. சென்னைக் கடற்கரையில் இருக்கும் ரெட்பர்ன் ஹோட்டலின் ஐம்பது வருஷத்துக் காகிதங்கள்: விருந்து அழைப்புகள், புகைப்படங்கள், நடன மண்டபத்தின் வரைபடம். தாவீது ஐயா அங்கே தலைமைக் குமாஸ்தா, என் கல்லூரித் தோழியின் அப்பா. ஹோட்டலின் பொன்விழாவுக்கு ஆங்கிலத்தில் ஒரு சரித்திரம் வேண்டுமாம். ஹோட்டலைக் கட்டின துரையின் மருமகள்தான் இப்போது அதை நடத்தும் துரைசானி. அவளுக்குப் பிடித்தால் எனக்கு அவளுடைய காரியதரிசி வேலை. தங்க அறையும் உண்டு.

அப்பா தறியிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: “பங்குனிக்குள்ள வேலை கெடச்சா போ. இல்லன்னா வைகாசில கல்யாணம். உங்க அத்தைக்கு வாக்குக் குடுத்துக்கிறேன்.”

அத்தை மகன் மயில்வாகனம் மாமா நல்லவர். அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமாவது இருக்கும்.

ஜனவரி 20

மயில்வாகனம் மாமாவின் அம்மா, தில்லையம்மாள் அத்தை வந்திருந்தாள். “பி.ஏ. படிச்சுட்டு ஓட்டல் வேலைக்கா போறே? இட்லி சுடவா, எலை எடுக்கவா?”

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அது வெள்ளைக்காரர்கள் தங்கும் ஹோட்டல் என்று சொல்ல வாயெடுத்தேன். குரல் வரவில்லை. நல்லதுதான். சொல்லியிருந்தால் இன்னும் மோசம்.

பிப்ரவரி 3

அப்பாவோடு சென்னை. முன்வாசல் காவல்காரன் விடவில்லை. தாவீது ஐயா வந்து சமையல்கட்டுப் பக்கமாக அழைத்துப் போனார். அப்பா மதிலோரம் குடையோடு நின்றுவிட்டார். உள்ளே விருந்தாளிகள் இருப்பதால் நானும் கட்டடத்துக்குள் போகக்கூடாதாம்.

பின்கட்டில் ஒரு புன்னை மரம். அடியில் மஞ்சள் பூசிய கல். மீன் கொடுக்க வந்த கங்கையம்மாள் கூடையை இறக்கிவிட்டுக் கல்லின்மேல் தண்ணீர் தெளித்தாள்.

“கன்னியம்மன்மா. எங்க குப்பம் இங்கதான் இருந்துச்சு. அதோ டான்ஸ் ஆடுறாங்களே, அங்கதான் எங்க அப்பன் பொறந்த வூடு. தொரை ஆளுங்க வந்து எங்கள எல்லாம் தெக்கால தள்ளிட்டானுங்க. இவளத் தொடத்தான் பயந்துக்கினானுங்க.”

பிப்ரவரி 11

முதல் அத்தியாயம் முடிந்தது. மரம், கல், குப்பம், அங்கே இருந்தவர்கள். அதற்குப் பிறகுதான் ரெட்பர்ன் துரை கப்பலிலிருந்து இறங்குகிறார். வேறு எப்படித் தொடங்குவது? எங்கள் ஊரில் எந்தக் கோயிலைப் பற்றிச் சொன்னாலும் முதலில் மரம், குளம், யார் வந்து கும்பிட்டார்கள் என்பதுதான். கட்டின ராஜா பிறகுதான் வருவான்.

என் ஆங்கிலத்தை நானே வாய்விட்டுப் படித்தேன். வெட்கமாக இல்லை. இதுதான் முதல் தடவை.

பிப்ரவரி 26

மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க எங்கள் ஊருக்கு வந்த தாவீது ஐயா வீட்டுக்கும் வந்தார். மோர் குடித்தார். முகம் சரியில்லை.

“நீ அனுப்பினத துரைசானி படிச்சாங்கம்மா. ‘இது என் ஹோட்டல் சரித்திரமா, என் பேர்ல போட்ட வழக்கா’ன்னு கேட்டாங்க. அந்த அத்தியாயத்த எடுத்துடு, வடிவு. துரை வந்ததுலேருந்து ஆரம்பி. எனக்கும் குடும்பம் இருக்குதும்மா.”

எடுக்காவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் வைகாசி.

பிப்ரவரி 27

எடுத்துவிட்டேன்.

மார்ச் 10

நேர்காணல். பின்பக்கத் தாழ்வாரத்திலேயே. துரைசானி நான் எழுதியதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே கேள்வி கேட்டாள். ‘ஆம்’, ‘இல்லை’, அதற்குமேல் எனக்கு ஒன்றும் வரவில்லை. தாவீது ஐயா பின்னாலிருந்து, “சொல்லும்மா, சொல்லு” என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

கடைசியாக அவள் கேட்டாள்: “சரி, என் மாமனார் வருவதற்கு முன் இங்கே என்னதான் இருந்தது?”

சோதித்தாளா, விளையாட்டாகக் கேட்டாளா, தெரியாது. கங்கையம்மாள் அந்தப் பக்கம் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது.

“மணல் மட்டும்தான் இருந்தது, அம்மணி” என்றேன்.

அந்த ஒரு வாக்கியம் மட்டும் தடுமாறாமல் வந்தது. துரைசானி சிரித்தாள். போகும்போது கங்கையம்மாள், “வேல கெடச்சுதா கண்ணு?” என்றாள். நான் — நின்று பதில் சொல்லியிருக்கலாம்.

மார்ச் 19

தாவீது ஐயா எழுதியிருக்கிறார். சரித்திரம் பிரமாதமாம், அப்படியே அச்சுக்குப் போகிறதாம். என் பேர் இருக்காது. வேலை வேறு பெண்ணுக்கு. விருந்தாளிகளோடு வாய் திறந்து பேசத் தெரிந்தவள் வேண்டுமாம்.

பேசினேனே. அது போதாதா? அதைச் சொல்லியும் வேலை இல்லையா? எதுக்குச் சொன்னேன்? எதுக்குடி சொன்னே?

மார்ச் 20

அப்பா அத்தை வீட்டுக்கு ஆள் அனுப்பிவிட்டார்.

மே 27

முகூர்த்தம். அரக்குப் புடவை, அப்பா நெய்தது. எல்லோரும் புடவையைப் பார்த்தார்கள்.

செப்டம்பர் 9

அமாவாசை. தறிக்கு ஓய்வு. தாவீது ஐயாவிடமிருந்து புத்தகம் வந்தது. அட்டையில் தங்க எழுத்து. மாமா கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பார்த்தார்.

“இதெல்லாம் நீ எழுதினதா?”

“ம்.”

“உள்ள எப்டி இருக்குது, சொல்லேன்.”

சொன்னேன். பெட்டியிலிருந்த புகைப்படங்களில் பார்த்தபடியே: இரண்டு பக்கமும் வளைந்து ஏறும் மாடிப்படி, நடன மண்டபத்தின் பர்மாத் தேக்குத் தரை, சரவிளக்குகள், கடலைப் பார்த்த ஜன்னல்கள். அரிசி புடைத்துக்கொண்டிருந்த அத்தைகூட முறத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். “எம் மருமவ எங்கெல்லாம் போயி வந்துக்கிறா பாரு” என்றாள். கேலி இல்லை.

“ஒருநாள் இட்டுக்கினு போறேன். நீ முன்னால நடந்து எல்லாத்தயும் காட்டு” என்றார் மாமா.

காட்டுகிறேன் என்றேன்.