சாந்தின் விளிம்பு

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. உன் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டுகிறேன். நீ எங்களோடு பேசுவதில்லை என்பதற்காக உன் பெயரை விட்டுவிட்டு வேண்ட எனக்குத் தெரியவில்லை.

ரயில் நிலையக் காத்திருப்புக் கூடத்தில் சுவரைக் கொத்தி டைல்ஸ் ஒட்டும் வேலையை நீ எடுத்திருக்கிறாயாம். நான் நம்பவில்லை. "உங்க கொழுந்தன்தாம்மா, கையெழுத்தே ஆயிடுச்சு" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

உன் அண்ணன் வரைந்ததில் மிச்சம் அந்த ஒரு சுவர்தான். பள்ளிக்கூடத்தில் வரைந்ததற்கு வெள்ளை அடித்துவிட்டார்கள். நூலகத்தில் இருந்தது, சாலையை அகலப்படுத்தியபோது கட்டடத்தோடு போயிற்று. போதாததற்குச் சர்க்கரை அவருடைய இரண்டு கண்ணையும் வாங்கிக்கொண்டது. ஞாயிறுதோறும் நான்தான் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போகிறேன். சுவரில் கை வைத்தபடி நிற்பார். பெஞ்சில் இருக்கும் ஜனங்கள் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் நகர்ந்து வழி விடுவார்கள். வீட்டுக் கணக்கில் காய்கறிக்கு முன்னால் நான் எழுதுவது அந்தப் பஸ் செலவைத்தான்.

இந்த வேலையை விட்டுவிடு, தம்பி. அவரிடம் இன்னும் சொல்லவில்லை. "கூடத்தைப் பூட்டிக் கழுவுறாங்களாம்" என்று பொய் சொல்லி வைத்திருக்கிறேன். பொய் சொன்ன வாயில் பிரார்த்தனை வரமாட்டேன் என்கிறது.

உன் அண்ணி


மார்ச் 11

அண்ணிக்கு,

அண்ணனுக்குக் கண் போனது எனக்குத் தெரியாது. யார் சொல்வார்கள்?

நான் விட்டால் வேறொருவன் ஒட்டுவான். சரக்கு இறக்கியாயிற்று, ஆட்களும் வந்தாயிற்று.

அந்தப் படத்தின் திறப்பு விழாவில் கல்லில் அண்ணன் பெயர் மட்டும்தான் இருந்தது. காலையில் எழுந்து சுண்ணாம்புச் சாந்து குழைத்தது யார்? ஈரம் காய்வதற்குள் அவரால் எவ்வளவு வரைய முடியுமோ அவ்வளவு இடத்துக்கு மட்டும் பார்த்துப் பார்த்துப் பூசியது யார்? கேட்டதற்கு அண்ணன் என்ன சொன்னார்? "சாந்து பூசினவன் பேரைப் போட்டா, சுண்ணாம்பு சுட்டவன் பேரையும் போடணுமேடா." மேடையில் எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள், அண்ணி.

தம்பி


மார்ச் 15

தம்பிக்கு,

ஆமாம், சிரித்தேன். அதற்கு என்னைத் திட்டு. ஆனால் இதைக் கேட்டுவிட்டுத் திட்டு.

வண்ணம் கைக்குத் தட்டுப்படுமா? அவர் அங்கே தடவுவது படத்தை அல்ல. முந்தின நாள் சாந்தும் மறுநாள் சாந்தும் சேருகிற இடத்தில் முடியளவு மேடாக இருக்கிறதே, அந்த விளிம்பை. விரலை ஓட்டிக்கொண்டே போவார். "இங்க பாரு, அன்னிக்கு அவனுக்குக் காய்ச்சல். எவ்வளவு சின்னதாப் பூசியிருக்கான்" என்பார். "இது நாங்க சண்டை போட்ட நாள். வேணும்னே பெருசாப் பூசிட்டான், வரைஞ்சு முடிக்கறதுக்குள்ள நான் செத்தேன்" என்று சிரிப்பார். "ஓரத்தைக் கட்டைவிரலால வழிச்சு விடுவான். வேற எவனுக்கும் அது வராது."

தன் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் அங்கே பார்க்கப் போவது உன்னை.

முழுச் சுவரும் வேண்டாம். கை எட்டும் உயரத்துக்கு ஒரு பட்டை விட்டுவை. உன்னைத் தூக்கி வளர்த்தவள் உன் காலில் விழுந்து கேட்பதாக நினைத்துக்கொள்.

அண்ணி


ஏப்ரல் 2

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேதான் வேலை செய்தேன்.

பட்டை விடலாமா என்று இன்ஜினியரிடம் கேட்டேன். "என்னய்யா, சுவருக்குக் கோவணம் கட்டப் பாக்கறியா?" என்றார். என் ஆட்களே சிரித்தார்கள். அதற்கு மேல் நான் பேசவில்லை. பேசியிருக்கலாம்.

ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு, கை எட்டும் உயரத்தை நானே கொத்தினேன். காய்ச்சல் நாள் எது என்று என் கைக்கும் தெரிந்தது. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

டைல்ஸையும் நானே ஒட்டினேன். வேறு யாரையும் தொடவிடவில்லை. நான்தான் என்று அண்ணனிடம் சொல்லிவிடாதீர்கள்.

தம்பி


ஏப்ரல் 7

தம்பிக்கு,

நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டி வரவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பிடிவாதம் பிடித்தார், கூட்டிப்போனேன். கை வைத்தார். சுட்டதுபோல எடுத்துவிட்டார். "வேற இடத்துக்கு வந்துட்டோமா?" என்றார். இல்லை என்றேன். இன்னொரு பொய்க்கு என்னிடம் தெம்பில்லை.

மறுபடி கை வைத்தார். டைல்ஸ் சேருகிற கோட்டில் விரலை ஓட்டிக்கொண்டே கூடத்தின் கோடிவரை போனார். அங்கே ஓரத்தில் சாந்தைக் கட்டைவிரலால் வழித்துவிட்டிருக்கிறாய். அந்த இடத்தில் கை நின்றது.

பெஞ்சில் உட்காரவைத்தேன். ஒரு வண்டி வந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. அப்புறம் கேட்டார்:

"இவ்வளவு தூரம் வந்தவன் வீட்டுக்கு ஏன் வரல?"

வீட்டுக்கு வந்தும் அதையேதான் கேட்கிறார். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு கேட்கிறார். வேண்டிக்கொள்ளும்போது உன் பெயர் வரும் இடத்தில் இப்போது வாய் நின்றுவிடுகிறது.

வந்து நீயே பதில் சொல். கதவைத் திறப்பேன். பேசமாட்டேன்.

அண்ணி