ஒருத்தருக்கு மட்டும் பயந்த உங்களுக்கு

என்னங்க,

கேசரி கிண்டிய வாசனை இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை நம் ஜெசியைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். நீங்கள் போன பிறகு இந்த வீட்டில் நெய் காய்ந்து முந்திரி வறுபட்டது அன்றைக்குத்தான். முந்திரி சிவக்கும்போது, நீங்கள் இருந்தபோது அவளைப் பார்க்க அந்தக் கடலூர்க்காரர்கள் வந்துபோன நாள் அப்படியே முன்னால் வந்து நின்றது. அடுப்பைத் தணித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

அன்றைக்கு எல்லாம் கூடி வந்திருந்தது. பையனுக்கு ஜெசியைப் பிடித்திருந்தது. அவன் அம்மா சிரித்த முகமாக, "கோயில்ல எப்ப கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லலாம்?" என்று கேட்டார். நீங்கள் தொண்டையைச் செருமினீர்கள். வேண்டாம் என்று நான் கண்ணால் சாடை காட்டினேன்.

"ஒரு விஷயம் சொல்லிடணும்மா. பாப்பாவுக்குச் சின்ன வயசுல வலிப்பு வந்துச்சு. மாத்திரை சாப்பிடுறா. இப்ப சில வருஷமா வரல. ஆனா மாத்திரைய விடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

அந்த அம்மா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். யோசித்துச் சொல்வதாகப் போனார்கள். பிறகு தரகர் போன் செய்தார். வேறு இடம் பார்த்துவிட்டார்களாம்.

முந்தின நாள்தான் நான் உங்களிடம் அவ்வளவு கெஞ்சியிருந்தேன். "கல்யாணம் ஆவட்டும், அப்புறம் மெதுவா சொல்லிக்கலாங்க."

"பீடத்துக்கு முன்னாடி நின்னு வாக்குக் குடுக்கப் போறாங்க லூர்து. அது அடியில பொய்ய வெக்கச் சொல்றியா?"

"தெருவுல நாலு பேரு என்ன பேசுவாங்கன்னு பயமே இல்லியா உங்களுக்கு?"

"எத்தினி பேருக்குத்தான் பயப்படுறது? ஒருத்தருக்குப் பயந்துக்கிட்டா மத்த பயமெல்லாம் போயிடும்."

எனக்கு அது பக்தியாகத் தெரியவில்லை, திமிராகத் தெரிந்தது. நம் நெல்லித்தோப்பில் ஒரு வீட்டில் பேசியது அடுத்த வீட்டுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? கடைக்குப் போனால் பெண்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். வீட்டுக்கு வந்து உங்களிடம் கத்தினேன். "உங்க பக்திக்கு என் பொண்ணுதான் கெடச்சாளா?" நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். அதற்குப் பிறகு உங்களுக்குச் சோறு போட்டேன், ஓட்டல் வாட்ச்மேன் சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டு வைத்தேன். பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டேன்.

இந்த முறை வந்தவர்கள் அரியாங்குப்பத்துக்காரர்கள். பையன் அச்சகத்தில் வேலை பார்க்கிறான். சனிக்கிழமை ஜெசியிடம் கண்டிப்பாகச் சொன்னேன்: "நாளைக்கு யாரும் எதுவும் பேசிக்க வேணாம். உங்க அப்பா கெடுத்த மாதிரி நான் கெடுக்க மாட்டேன்."

துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "அன்னிக்கு நாந்தாம்மா அப்பாவ சொல்லச் சொன்னேன்."

எனக்குப் புரியவில்லை.

"மாத்திரைய ஒளிச்சு வெச்சுத் தின்னுக்கிட்டு ஒருத்தர் வீட்ல என்னால வாழ முடியாதுப்பான்னு அழுதேன். எனக்கு வாய் வராது, நீங்களே சொல்லிடுங்கன்னேன். அப்பா, நானும் அததான் நெனச்சிருந்தேன், சொல்லிடுறேன்னாரு. அம்மா கோச்சுக்குவா, அத நான் பாத்துக்கிறேன், நீ கேட்டதா காட்டிக்காதன்னாரு."

அவள் கையிலிருந்த துணியை வாங்கி நானே மடித்தேன். நான் கத்தியபோது, 'உன் மகளும்தான் கேட்டாள்' என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். என் கோபம் முழுக்க அவள் பக்கம் திரும்பியிருக்கும். அது தெரிந்துதான் வாயைத் திறக்கவில்லை. வந்தவர்கள் முன்னால் பேச வேண்டியதைப் பேசினீர்கள், என் முன்னால் வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டீர்கள். எங்கே பேசுவது, எங்கே பேசாமல் இருப்பது என்கிற அந்த அறிவு உங்களுக்குப் படித்து வந்ததில்லை. ஜெபத்தில் முழங்காலில் நின்று நின்று வந்தது. உங்களோடு அத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் அதை நான் பிழைக்கத் தெரியாத குணம் என்றே நினைத்திருந்தேன்.

ஞாயிறு அன்று நானே சொன்னேங்க. பாதியில் தண்ணீர் குடித்தேன், ஆனால் எதையும் குறைக்காமல் சொன்னேன். பையனின் அம்மா ஜெசியைத் திரும்பிப் பார்த்து, "மாத்திரைய வேளாவேளைக்குச் சாப்பிடுறியா கண்ணு?" என்று மட்டும் கேட்டார். வீட்டில் கலந்து சொல்வதாகக் கிளம்பினார்கள். இன்னும் பதில் வரவில்லை. வராமலும் போகலாம். ஆனால் அவர்கள் போனதும் ஜெசி பட்டுப்புடவையைக்கூட மாற்றாமல் என் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். என் மகள் என்னிடம் அப்படிப் பேசி எவ்வளவு நாளாயிற்று என்று அப்போதுதான் உறைத்தது.

உங்கள் கடைசி நாளில் நடந்ததை மட்டும் நேற்று வரை நான் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். காலைப் பூசைக்குக் கிளம்பி வாசலில் நின்று, "நீயும் வர்றியா லூர்து?" என்று கேட்டீர்கள். நான் பாத்திரத்தைச் சத்தமாகக் கவிழ்த்தேன். நீங்கள் உடனே போகவில்லை, நின்றீர்கள். பிறகு சைக்கிளை எடுக்கும் சத்தம் கேட்டது. மத்தியானம், நீங்கள் கேட்டில் நின்றபடியே சரிந்துவிட்டதாக ஓட்டலிலிருந்து ஆள் வந்து சொன்னார்.

நேற்று கோயிலில் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லி அழுதேன். ஆண்டவர் மன்னித்துவிட்டார், சமாதானமாகப் போம்மா என்றார் சாமியார். ஆண்டவர் மன்னித்திருப்பார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அன்று வாசலில் என் பதிலுக்காக நின்றது நீங்கள். அதை என் நெஞ்சிலிருந்து இறக்கிவைக்க முடியவில்லை. இறக்கிவைக்க மனமும் இல்லை.

உங்கள்
லூர்து