வெல்லமும் வெள்ளமும்

1978, திருவோணம், இரவு. மட்டாஞ்சேரி.

ஆசை தீரப் பாயசம் குடித்துவிட்டு எழுதுகிறேன். எத்தனை நாளைக்கு அப்புறம்!

கல்யாணமாகி மதுரையிலிருந்து இங்கே வந்ததுமே வயிறு உப்ப ஆரம்பித்துவிட்டது. கொச்சங்காடி வைத்தியரிடம் தனியாகத்தான் போனேன். "சோறின்டெ கூடெ வெள்ளம் வேண்டா, கேட்டோ" என்றார். அன்றோடு வெல்லத்தை விட்டேன். அப்படியும் வயிறு அடங்கவில்லை.

இன்று இலையில் அடைப்பிரதமன் ஊற்ற வந்த மாமியாரைத் தடுத்தேன். "வேணாம் அத்தை, சோத்தோட வெல்லம் சேராதுன்னு வைத்தியர் சொல்லிட்டாரு."

அத்தைக்குச் சிரிப்பில் கரண்டி ஆடியது. "அடிப் பொண்ணே, இங்க வெள்ளம்னா தண்ணியாக்கும்! சாப்பிடும்போ தண்ணி குடிக்காதேன்னுல்லா சொல்லியிருக்கார்!"

நானோ வாய்க்கு வாய் தண்ணீர் குடிக்கிறவள்! பந்தியே சிரித்தது, இவர்தான் எல்லாரையும்விடச் சத்தமாக. சிரிக்கட்டும். பிரதமனைக் கேட்டுக் கேட்டு வாங்கினேன். தண்ணீர்ச் செம்பைத் தொடவேயில்லை. இவ்வளவு தின்றும் வயிறு லேசாக இருக்கிறது!

ஆனால் இப்போது தாகம் தாங்கவில்லை. சாப்பிட்டு வெகுநேரம் ஆயிற்று, குடிக்கலாம். இந்த ஊர்க்காரி மாதிரியே இவரிடம், "கொஞ்சம் வெள்ளம் கொண்டு வாங்க" என்றேன்.

சமையலறையில் வெல்ல டப்பாவைத் திறக்கிற சத்தம் கேட்கிறது.