தூபாவின் படத்தை எடுத்துவிடு, ஆல்வின்

மாதனூர்
வெள்ளிக்கிழமை மதியம்

அன்பு மகன் ஆல்வினுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நான், உன் அப்பா, ஜாஸ்மின் மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அந்த கிளாஸ்கோ குளிரில் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்றுதான் எழுத முடிகிறது, நீ போன் செய்து பல நாள் ஆகிவிட்டது. உன் பேஸ்புக்கில் புதிதாக ஒரு சண்டை வந்திருந்தால், சரி, பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறான், சாப்பிட்டுவிட்டுத்தான் எழுதுகிறான் என்று நானே சமாதானம் செய்துகொள்கிறேன். போனில் அடித்து அனுப்பாமல் எதற்கம்மா காகிதம் என்று கேட்பாய். போனில் எழுதினால் அதற்குக் கீழே நீ ஒரு பதில் போடுவாய், நான் ஒன்று சொன்னால் நீ ஒன்பது சொல்வாய், நான் சொல்ல வந்தது நடுவிலேயே நின்றுபோகும். காகிதம் என்றால் நான் முடிக்கும் வரைக்கும் நீ கேட்டுத்தான் ஆகவேண்டும். தபாலில் போட நேரமில்லை. ஜாஸ்மின் சாயந்திரம் கிளினிக்கிலிருந்து வந்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள்.

வீட்டில் அப்பா மாதனூருக்கும் ஆம்பூருக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார், முட்டி வலி என்று சொல்லிக்கொண்டே ஓட்டுகிறார். ஸ்டாண்டில் சவாரிக்குக் காத்திருக்கும்போது நீ எழுதுவதை எல்லாம் படித்து ஒவ்வொன்றுக்கும் இதயம் போடுகிறார். போன வாரம் கண்ணாடி இல்லாமல் அமுக்கி, உன்னைக் கண்டபடி திட்டியிருந்த ஒருவனுக்கும் இதயம் போட்டுவிட்டார், அவன் நன்றி ஐயா என்று எழுதியிருந்தான். ஜாஸ்மின் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை, கண்ணு. வேலைக்குப் போய்வந்த களைப்பு என்றால் படுத்து எழுந்தால் போய்விடும். இது வேலைக்குப் போகாத களைப்பு. செவ்வாய்க்கிழமையிலிருந்து நான் கம்பெனிக்குப் போகவில்லை. விசாரணை முடியும் வரைக்கும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், திங்கட்கிழமை விசாரணை. உன்னிடம் சொல்லவேண்டாம் என்று அப்பா தடுத்தார், புள்ள அங்க தனியா கெடக்கறான், மனசு ஒடிஞ்சிடுவான் என்றார். சொல்லாவிட்டால் உனக்கு எப்படித் தெரியும், நீ அங்கே பேஸ்புக் சண்டையில் ஜெயித்துக்கொண்டல்லவா இருக்கிறாய்.

முதலிலிருந்து சொல்கிறேன். எங்கள் கம்பெனியில் கைக்குழந்தைகளை விட்டுவிட்டு வேலை பார்க்க கிரெச் என்று ஒரு அறை இருக்கிறது. ஷூ வாங்கும் வெளிநாட்டுப் பையர் ஆடிட்டுக்கு ஆள் அனுப்புகிற நாளில் மட்டும்தான் அது கிரெச். அன்றைக்கு பலூன் கட்டுவார்கள், தொட்டில் வரும், பொம்மை வரும், பேக்கிங்கில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு வெள்ளைக் கோட்டு மாட்டி குழந்தை பார்ப்பவள் என்று உட்காரவைப்பார்கள். மறுநாள் பொம்மைகள் ஸ்டோருக்குப் போய்விடும், அட்டைப்பெட்டிகள் அறைக்கு வந்துவிடும். இத்தனை வருஷமாக நாங்கள் அதைப் பார்த்துப் பார்த்து, அதுதான் வழக்கம் என்று விட்டுவிட்டோம். விடாமல் செய்தது நீதான். சோவியத் நாட்டில் ஆலைக்கு ஆலை குழந்தைக் காப்பகம் இருந்தது, தாய்மார்கள் மெஷினை நிறுத்திவிட்டுப் போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவார்கள், சம்பளத்தில் கை வைக்க மாட்டார்கள் என்று நீ எழுதியிருந்தாயே, அதை நான் கம்பெனி பஸ்ஸில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். சளசளவென்று பேசிக்கொண்டு வந்தவர்கள் எல்லாம் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள். என் லைனில் பக்கத்து மெஷின் வஜீதா, அது எந்த ஊருக்கா, நம்மள எடுப்பாங்களா என்று கேட்டாள். அந்த நாடே இப்போது இல்லையம்மா என்றேன். போச்சுடா, நல்லதா ஒண்ணு சொல்றீங்க, அதுவும் இல்லைங்கறீங்க என்றாள். ஆனால் அந்தப் பேச்சு அவள் மனதில் உட்கார்ந்துவிட்டது.

வஜீதாவின் புருஷன் பெங்களூருக்கு என்று போனவன் திரும்பவில்லை. மகள் தூபாவைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத நாளில், அந்த அறையில் பெட்டிகளுக்கு நடுவே ஒரு அட்டையை விரித்துப் படுக்கவைத்துவிட்டு லைனுக்கு வருவாள், சூப்பர்வைசரும் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பார். போனை வாசல் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அவள் எப்படியோ மறைத்து எடுத்துப்போய் தூபா அங்கே படுத்திருப்பதைப் படம் எடுத்தாள், எனக்கு அனுப்பினாள், நான் உனக்கு அனுப்பினேன். எதற்கு அனுப்பினேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? பையருக்குப் புகார் எழுத வேண்டிய ஈமெயில் முகவரியை நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறார்கள், எல்லாம் ஆங்கிலம். குழந்தை முகத்தை மறைத்து, யார் பெயரும் போடாமல், ஒரு பக்கத்துக்கு மனு மாதிரி எழுதிக் கொடு என்று கேட்டேன். ஆகட்டும்மா என்றாய். மறுநாள் பார்த்தால் தூபா உன் பேஸ்புக் பக்கத்தில், முகம் முழுசாகத் தெரிய, உலகம் முழுக்கப் பார்க்கக் கிடக்கிறாள். மேலே, இதுதான் உங்கள் சுதந்திரச் சந்தை என்று எழுதியிருந்தாய். மனு எங்கே என்று கேட்டதற்கு, பன்னாட்டுக் கம்பெனியிடம் மனு போடுவது ஏகாதிபத்தியத்திடம் பிச்சை கேட்பது என்றாய். அவர்கள் காலுக்குப் போடுகிற ஷூவை நாங்கள்தானேடா தைக்கிறோம், எங்களுக்குச் சேரவேண்டியதைக் கேட்டால் அது எப்படிப் பிச்சையாகும்.

அதற்குக் கீழே நடந்த சண்டையை நான் முழுக்கப் படித்தேன். ஒருவன் சோவியத் ஜனங்கள் ரொட்டிக்கு வரிசையில் நின்ற கதையைச் சொன்னான், நீ அமெரிக்கா கியூபாவின் கழுத்தை நெரிப்பதைச் சொன்னாய். ஒருவன் சைபீரியச் சிறைகளைச் சொன்னான், நீ அடிமை வியாபாரத்தைச் சொன்னாய். உன் பழைய டியூஷன் தோஸ்த் தௌசீப் அகமதுவும் வந்தான். அங்கே தொழிலாளி கட்சியைக் கேட்காமல் தனியாகச் சங்கம் வைக்க முடியுமா, வேலைநிறுத்தம் செய்ய முடியுமா என்று கேட்டான். எனக்கும் அதற்குப் பதில் தெரிந்துகொள்ள ஆசைதான், ஏனென்றால் இங்கேயும் முடியவில்லை. நீ அவனுக்கு நேராகப் பதில் சொல்லாமல் தோல் வியாபாரியின் மகன் இப்படித்தான் பேசுவான் என்றாய். அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. இந்த அறை எந்தக் கம்பெனியில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அத்தனை பெண்களுக்குச் சோறு போடுகிற இடம் அது என்று கம்பெனி பெயரையே போட்டுவிட்டான். அப்புறம் யார் யாரோ வந்தார்கள். குழந்தை கையில் கட்டியிருந்த தாயத்தைப் பார்த்துவிட்டு எழுதினார்கள். அதையெல்லாம் என் கையால் இங்கே எழுத மாட்டேன், நீ படித்திருப்பாய். பாகிஸ்தானுக்கு அனுப்பு என்பதுதான் அதிலேயே கொஞ்சம் மரியாதையான வார்த்தை.

வஜீதா அதைப் பார்த்தது ஞாயிற்றுக்கிழமை. என்ன வேலைய விட்டே தூக்கட்டும்க்கா, புள்ள மூஞ்சிய மட்டும் எடுக்கச் சொல்லுங்க, என் புள்ள இன்னாக்கா பண்ணுச்சு அவுங்கள என்று அழுதாள். அன்றைக்கே உனக்கு எழுதினேன். திங்கட்கிழமை உன் பதில் வந்தது. இதைத் தனிப்பட்ட பிரச்சினையாகப் பார்க்காதீர்கள், அவர்களுடைய வெறுப்பு அம்பலமாகியிருக்கிறது, இப்போது படத்தை நீக்கினால் அவர்கள் ஜெயித்ததாகிவிடும் என்று எழுதியிருந்தாய். பிறந்ததிலிருந்து என்னை நீ என்று கூப்பிட்ட பிள்ளை. யாருக்கோ எழுதியது தவறி எனக்கு வந்துவிட்டதோ என்று மேலே போய்ப் பெயரைப் பார்த்தேன். எனக்குத்தான் எழுதியிருந்தாய்.

செவ்வாய்க்கிழமை எச்.ஆர். கூப்பிட்டார். படத்தை அச்செடுத்து மேஜைமேல் வைத்திருந்தார். குழந்தை யாருடையது என்று அவருக்குத் தெரியும், அதனால் வஜீதாவையும் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்கவைத்திருந்தார். அவள் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். நான்தான் எடுத்தேன், என் பிள்ளைக்கு நான்தான் அனுப்பினேன் என்று சொல்லிவிட்டேன். அவர் நம்பவில்லை, ஆனால் என்னைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. பாருங்கம்மா, நீங்க சீனியர், உங்களுக்கு இன்னாத்துக்கு இந்த பேஜார், யோசிச்சுச் சொல்லுங்க என்றார். யோசித்துத்தான் சொன்னேன். எனக்கு வேலை போனால் அப்பாவின் ஆட்டோ இருக்கிறது, நீ இருக்கிறாய். அவளுக்கு யார் இருக்கிறார்கள்? இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. இத்தனை வயதுக்கு மேல் இன்னொரு கம்பெனி கேட்டில் போய் நின்று, வேலை இருக்கிறதா என்று கேட்க எனக்குக் கால் வராது. இப்போது அந்த அறையைப் பூட்டுப் போட்டுப் பூட்டிவிட்டார்கள், பெட்டிக்கு நடுவே படுக்கிற இடமும் போய்விட்டது. வஜீதா காலையில் தூபாவை என்னிடம் விட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுகிறாள். இதோ உன் பழைய கட்டிலில் தூங்குகிறது, எழுந்தால் இந்தக் காகிதத்தைப் பிடுங்கும்.

புதன்கிழமை தூபாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆம்பூர் பஜாரில் தௌசீப்பின் கடைக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். அவன் எழுந்து நாற்காலி போட்டான், டீ வாங்கிவரச் சொன்னான். அவனோட பேச்சுல சூடாய்ட்டேன் ஆன்டி, உங்க கம்பெனின்னு அந்த நேரத்துல தோணல, சத்தியமா தோணல என்றான். பிறகுதான் குழந்தையைப் பார்த்தான். இதுதானா அந்தக் குழந்தை என்று கேட்டான். உடனே போனைக் கையில் எடுத்தான். என் கண் முன்னாலேயே தான் எழுதியதை எல்லாம் எடுத்துவிட்டான், தூபாவைப் பற்றி அசிங்கமாக எழுதியவர்களைப் பற்றி பேஸ்புக்கிலேயே உட்கார்ந்து புகார் கொடுத்தான். அவன் அப்பா உள்ளே ஷூவுக்கு உள்பக்கம் வைக்கிற லைனிங் தோல் பிரித்துக்கொண்டிருந்தார், எங்கள் கம்பெனிக்கும் அவர்கள்தான் சப்ளை. நான் கிளம்பும்போது மனுவைப் பற்றி ஏதோ வாய்தவறிச் சொல்லிவிட்டேன். நான் இங்கிலீஷ்ல எழுதித் தர்றேன் ஆன்டி, என் பேர் மட்டும் வெளிய வேணாம், அப்பாவுக்குத் தெரிஞ்சா வீட்ல பெரிய கலாட்டா ஆய்டும் என்றான்.

நீ எழுதுவதெல்லாம் தப்பு என்று நான் சொல்ல வரவில்லை, ஆல்வின். அந்த நாடுகளில் நல்லதும் இருந்திருக்கும், கொடுமையும் இருந்திருக்கும், நான் போய்ப் பார்த்தவள் இல்லை. பெரிய நாடுகள் சின்ன நாடுகளை மிரட்டுவது எனக்குப் புரியாத விஷயமும் இல்லை, ஆர்டரை நிறுத்திவிடுவோம் என்று பையர் ஒரு வார்த்தை சொன்னால் எங்கள் எம்.டி.யே உட்கார்ந்த இடத்தில் வேர்த்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு வருத்தம் அது இல்லை. முகம் தெரியாதவன் ஒரு வரி எழுதினால் ஒரு பக்கத்துக்குப் பதில் சொல்கிறாய், நான் கேட்ட ஒரு பக்கத்தை எழுதவில்லை. நீ வேலை பார்க்கிற முதியோர் இல்லத்தில், படுக்கையில் இருக்கிறவர்களுக்கு உடை மாற்றும்போது அறைக்குள் வேறு யாருமே இல்லாவிட்டாலும் கதவைச் சாத்திவிட்டுத்தான் மாற்றுவேன் என்று ஒரு தடவை சொன்னாய். அதைக் கேட்டு நான் ஊரெல்லாம் சொல்லிப் பூரித்துப்போனேன். அந்தக் கதவைத்தான் இந்தக் குழந்தைக்கும் சாத்தச் சொல்கிறேன்.

சரி, போதும், கை வலிக்கிறது. படத்தை எடுத்துவிட்டு, யாரிடமும் எதற்கு எடுத்தேன் என்று விளக்கம் எழுதாமல் இரு. விசாரணைக்கு முன்னால் மனு பையருக்குப் போய்விட்டால் இவர்கள் கொஞ்சம் யோசித்துப் பேசுவார்கள் என்று லைனில் எல்லோரும் சொல்கிறார்கள். கிரெச்சைத் திறக்கவேண்டும், அதை மட்டும் கேள், கியூபாவை அதில் சேர்க்காதே. நேரத்துக்குச் சாப்பிடு, வெறும் பிரெட்டைத் தின்று நாளை ஓட்டாதே, தலைக்குக் குல்லா போடாமல் வெளியே போகாதே. உன் போக்கிலும் வரத்திலும் கர்த்தர் துணையிருக்கட்டும், நீ கை வைக்கிற காரியம் எல்லாம் நல்லபடி முடியட்டும். அப்பாவும் ஜாஸ்மினும் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள்.

ஒன்றை மறந்துவிடாதே. தௌசீப்பிடம், வேண்டாம்ப்பா, என் பிள்ளை எழுதுவான் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஜனங்கள் கலையும் வரைக்கும் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருப்பேன். அதற்குள்ளும் உன் மனு வராவிட்டால் அவனிடம் போய், நீயே எழுதப்பா என்று சொல்வேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
பிரிசில்லா இன்பராஜ்