ஒரு மணிக்கு வந்த பதில்

ஏற்காடு,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள ஹரிணிக்கு,

யுவராஜ் எழுதுவது. என் நம்பரை நீ தடுத்து வைத்திருக்கிறாய். நேரில் வரலாம் என்றால், ‘விளக்கஞ் சொல்லிக்கிட்டு யாரும் இங்க வந்து நிக்க வேண்டாம்’ என்று உன் தம்பியிடம் சொல்லி அனுப்பினாய். மிச்சம் இருப்பது தபால்தான். மாமா முதலில் பிரித்துப் படித்தால் படிக்கட்டும், மறைக்க ஒன்றுமில்லை. இங்கு நலம் என்று எழுதினால் பொய். காய்ச்சல் வந்து இப்போதுதான் விட்டது. மாத்திரை போட்டேன், பயப்பட எதுவும் இல்லை.

குளியலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றிவிட்டேன். காயப்போட்டிருந்த உன் பச்சைத் துண்டைக் குரங்கு தூக்கிக்கொண்டு போய் எதிரே இருக்கும் சில்வர் ஓக் மரத்தில் விட்டுவிட்டது. இன்னும் அங்கேயே ஆடிக்கொண்டிருக்கிறது. கீழ் வீட்டு மீனாட்சியக்கா தினமும் ‘ஹரிணி எப்ப வருதுங்க?’ என்கிறார். தெரியாது என்கிறேன். மறுநாளும் கேட்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். நடந்ததை நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன், சரியா என்று நீ பார்.

தினமும் மதியம் ‘சாப்ட்டீங்களா’ என்று செய்தி அனுப்புவாய். செல்போன் டவர் மேல் தொங்கிக்கொண்டு, கையுறையைக் கழற்றி, அதற்குப் பதில் போடுவது எனக்கு எரிச்சல். ‘அங்க மழைங்களா’ என்று கேட்டால் ‘போன்ல பாரு’ என்று முடித்துவிடலாம். சாப்பாட்டை அப்படி முடிக்க முடியவில்லை. அதனால் ஒரு மணியானால் ‘சாப்பிட்டேன், நீ சாப்பிடு’ என்று போனே உனக்கு அனுப்பும்படி செய்து வைத்தேன். மாதக்கணக்கில் பிசகில்லாமல் ஓடியது. ஞாயிறுகளை விலக்கியிருந்தேன், ஆடிப்பெருக்கு லீவை யோசிக்கவில்லை. அன்றைக்கு நான் உன் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன், தட்டில் இன்னும் சோறு விழவில்லை, சமையல் மேடையில் கிடந்த உன் போனில் ‘சாப்பிட்டேன், நீ சாப்பிடு’ என்று வந்து விழுந்தது.

கையில் கரண்டியோடு நின்று நீ ஒன்றே ஒன்று கேட்டாய். ‘நீங்க இல்லாட்டியும் இது வருமுங்களா?’ நான், ‘வரும், நெட் இருந்தாப் போதும்’ என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். மறுநாள் காலை நீ ஆத்தூருக்குப் பஸ் ஏறிவிட்டாய்.

எனக்கு விளங்கவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதில்தானே சொன்னேன்? பழுது எங்கே என்று தெரியாமல் என்னால் சும்மா இருக்க முடியாது, உனக்கே தெரியும்.

பைக்கில் கிளட்ச் போய்விட்டது. தலைச்சோலை டவருக்கு இப்போது முருகேசன் ஜீப்பில்தான் போகிறேன். எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்களும் அதில்தான் வருவார்கள். முதல் நாள் ஏறியதுமே பொன்னாயி என்று ஓர் அக்கா, ‘ஏங்கண்ணு, டவருக்கா?’ என்று கேட்டார். என் தலையில் ஹெல்மெட், தோளில் கயிறு. ‘பாத்தாத் தெரியலீங்களா’ என்றேன். மறுநாளும் அதையே கேட்டார். பதில் தெரிந்த கேள்வியை ஒருவர் எதற்குத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும்? சோதித்துப் பார்க்கலாம் என்று, ‘இல்லீங்க, கல்யாணத்துக்குப் போறேன்’ என்றேன். அவர் என் கயிற்றைத் தொட்டுப் பார்த்து, ‘அதானே பாத்தேன், தாலிக்கயிறு நொம்ப தடிமனா இருக்குதாட்ட’ என்றார். ஜீப்பே சிரித்தது. முருகேசன், ‘பொண்ணு ஆரு, டவருங்களா?’ என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆக, பதில் உண்மையா பொய்யா என்பதில் அங்கே யாருக்கும் அக்கறை இல்லை. அப்படியென்றால் எதற்குக் கேட்கிறார்கள்? சோதனையில் பாதிதான் முடிந்தது.

நானும் கேட்டுப் பார்த்தேன். கரடியூரில் டீக்கடை வைத்திருக்கும் மரியஅந்தோணி அண்ணனிடம் ‘எப்படிங்க இருக்கீங்க’ என்றேன். தப்பு. அவருடைய கடைவாய்ப் பல்லின் முழுக் கதையையும் சொன்னார். டீ ஆறிவிட்டது. ஆனால் மறுநாள் நானாகவே போய், ‘பல்லைப் பிடுங்கிட்டீங்களா’ என்று கேட்டேன். அந்தப் பல் எனக்கு எதற்கு? இதுவரை பிடிபடவில்லை.

அப்புறம்தான் காய்ச்சல். யாரிடமும் சொல்லவில்லை, ஜீப்புக்கும் போகாமல் கம்பளிக்குள் கிடந்தேன். தெருவில் ஹாரன் விடாமல் அடித்தது. எட்டிப் பார்த்தால், நான் வழக்கமாக ஏறும் இடத்தில் ஜீப் நிற்கிறது. பொன்னாயி அக்கா கீழே இறங்கி, ‘டவர்த் தம்பியக் காணமுங்க, ஊட்ல இருக்குதுங்களா?’ என்று மீனாட்சியக்காவிடம் விசாரிப்பது மாடிவரை கேட்டது. தினமும் கேட்டுக்கொண்டிருந்ததால்தான், கேட்க ஆள் இல்லாத நாள் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அன்று நான் கஞ்சிகூட வைக்கவில்லை. ஒரு மணிக்குத் தலைமாட்டில் போன் சத்தம் போட்டது. ‘சாப்பிட்டேன், நீ சாப்பிடு.’ உனக்குத்தான் அனுப்பியிருந்தது. நீ போன பிறகும் அதை நிறுத்த எனக்குத் தோன்றவே இல்லை. நீ தடுத்து வைத்திருப்பதால் ஒற்றை டிக்கோடு நின்றது.

அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தபோதுதான் உன் கேள்வி உறைத்தது. டவரிலிருந்து விழுந்து நான் கீழே கிடந்தாலும் ஒரு மணிக்கு உனக்குச் ‘சாப்பிட்டேன்’ என்று வந்திருக்கும். நீயும் நம்பிச் சாப்பிட்டிருப்பாய். நெட் இருந்தாப் போதும். நீ கேட்டது இதைத்தானே? போனில் செய்து வைத்த அமைப்பைப் பற்றிக் கேட்கிறாய் என்று நினைத்து நான் பதில் சொன்னேன்.

இதில் இன்னொன்று. சட்டைப் பையில் சும்மா கிடக்கிற போனும் அவ்வப்போது டவரோடு பேசிக்கொண்டுதான் இருக்கும். ‘இருக்கேன்’ என்பதைத் தவிர அதில் வேறு செய்தி கிடையாது. அது நின்றுவிட்டால் அந்தப் போன் இல்லை என்று டவர் முடிவு செய்துவிடும். இதைப் படித்துப் பாஸாகித்தான் எனக்கு இந்த வேலையே கிடைத்தது.

அமைத்து வைத்ததை அழித்துவிட்டேன். இப்போது ஒரு மணிக்குப் போன் சத்தமில்லாமல் கிடக்கிறது. நான் அதைப் பார்க்கிறேன். பிறகு சாப்பிடுகிறேன், சில நாள் சாப்பிடுவதில்லை. இது சரியான தகவல்.

எப்போது வருகிறாய் என்று கேட்டால் தேதி கேட்டு நெருக்குவதுபோல் ஆகிவிடும். அதனால் வேறொன்று கேட்கிறேன். இங்கே காலையிலிருந்து மேகம் இறங்கி, எதிர் மரமும் உன் துண்டும் தெரியவில்லை. ஆத்தூரில் மழையா? போனைத் திறந்தால் தெரிந்துவிடும். திறக்கவில்லை. நீ சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள். மாமாவுக்கும் அத்தைக்கும் என் வணக்கம்.

உன்,
யுவராஜ்