இடப்பக்கம் சாய்ந்த கோடுகள்

ஜனவரி 18, 2025, சனி

சொன்ன நேரத்துக்கு வந்த சரித்திரமே பிரபாவுக்குக் கிடையாது. ஒன்பது மணி என்றான். பத்தரைக்கு வாசலில் ஹாரன். புரோக்கர் ஜாதியே இப்படித்தான். பொம்மனஹள்ளியில் ஒரு ஷெட்டுக்குக் கூட்டிப் போனான். மேலே போட்டிருந்த துணியை இழுத்தான். 1948 எம்.ஜி. இரண்டு சீட், கூரை இல்லாத வண்டி, மெரூன் நிறம், கம்பிச் சக்கரம். இருபத்திரண்டு வருஷமாகப் பழைய வண்டிகளைப் பார்த்து மதிப்புச் சான்று எழுதிக் கொடுக்கிறேன். இந்த மாடலை எத்தனை தடவை பார்த்திருப்பேன்? நாலு? ஐந்து? ஆஸ்டின் டவுன் கிளாரன்ஸ் சாரிடம் ஒன்று இருந்தது. அது ஷெட்டோடு எரிந்துபோனது, பாவம்.

பானட்டைத் திறந்தேன். எஞ்சின் அசல். மீட்டர்கள் அசல். பிரபா பின்னாலேயே நின்று "எப்படிக்கா, எப்படிக்கா" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தான். "வாயை மூடுடா, வேலை பார்க்க விடு" என்றேன். அசலா, நகலா என்று நம்ம ஊரில் யாரும் கண்ணால் மட்டும் சொல்லிவிட முடியாது. ஜீப் சட்டத்தின் மேல் தகரத்தை வளைத்து அச்சு அசலாகச் செய்துவிடுகிறார்கள்.

கடைசியில் சேஸிஸ் நம்பர். இடது முன்சக்கரத்துக்கு உள்பக்கம், சட்டத்தின் நுனியில் அடித்திருக்கும். கீழே படுத்து, அதன் மேல் தாளை வைத்து, பென்சிலால் தேய்த்தால் நம்பர் தாளில் எழும்பும். படுக்க ஏதாவது சாக்கு கிடைக்குமா என்று தேடினேன். "அக்கா, இந்த முட்டிய வெச்சுக்கிட்டு கீழ படுக்கப் போறீங்களா? சும்மனே இருங்க. நேத்தே எடுத்து வெச்சுட்டேன்" என்று ஒரு கவரை நீட்டினான். உள்ளே பென்சில் பிரதி. டி.சி. 4172. பளிச்சென்று இருந்தது. தரை முழுக்க கிரீஸ். நான் கட்டியிருந்ததோ கிறிஸ்துமஸ் புடவை. முட்டி வேறு காலையிலிருந்து உயிரை வாங்கியது.

சரி, கொடு என்றேன். பதினேழு வருஷப் பழக்கம்.

ஜனவரி 20

சான்று அடித்தாயிற்று. 1948, அசல், முப்பத்தாறு லட்சம். நகல் என்றால் இதே வண்டி ஆறுக்கு மேல் போகாது. என் சான்றுகளில் கடைசியாக எப்போதும் ஒரு வரி வரும்: ‘சேஸிஸ் எண்ணை நேரில் கண்டு, என் கையால் பென்சில் பிரதி எடுத்துள்ளேன்.’ அந்த வரியில் விரல் கொஞ்சம் நின்றது. அது இல்லாவிட்டால் இன்சூரன்ஸில் திருப்பி அனுப்புவார்கள். அதையும் டைப் அடித்துவிட்டேன். பிரபா எடுத்தால் என்ன, நான் எடுத்தால் என்ன, நம்பர் நம்பர்தானே.

வாங்குகிறவர் மல்லேஸ்வரம் வெங்கடராமன். விதான சௌதாவில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரே போன் செய்தார். "பொண்ணு அதிதிக்குக் கல்யாணம்மா. ஜானவாச ஊர்வலத்துக்கு மாப்பிள்ளையை வாடகைக் கார்ல உக்கார வெக்கப் பிடிக்கல. நம்ம வண்டி, நானே ஓட்டிண்டு வரணும். நீங்க கையெழுத்துப் போட்டேள்னா எனக்கு வேற யாரும் சொல்ல வேண்டாம்." எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு பொம்பளை வண்டிக்கு அடியில் படுக்கிறாள் என்று சிரித்த ஊர்தானே இது.

ஜனவரி 27, திங்கள்

நிதானமாக எழுது, ஆஞ்சலா.

பென்சில் பிரதிகளையெல்லாம் மாடல் வாரியாக ஒரு நோட்டில் ஒட்டி வைப்பேன். இன்று பிரபா கொடுத்ததை ஒட்ட எம்.ஜி. பக்கத்தைத் திறந்தால், அங்கே ஏற்கெனவே டி.சி. 4172 இருக்கிறது. 2013. கிளாரன்ஸ் சார் வண்டி. ஏழின் காலில் அதே கீறல். முதலில், அட, அந்த வண்டிதானா, பிழைத்துவிட்டதா என்று சந்தோஷம்கூடப் பட்டேன். மண்டு! அது எப்படிப் பிழைக்கும்? 2016-இல் எரிந்த பிறகு நஷ்டக் கணக்கு எழுதப் போனதே நான்தான். சட்டத்தை மூன்று துண்டாக வெட்டிப் பழைய இரும்புக்கு ஏற்றினதை நின்று பார்த்தேன்.

அப்புறம்தான் கோடுகளைப் பார்த்தேன்.

நான் இடக்கைக்காரி. பீச்சாங்கை என்று பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியவள். நான் தேய்த்தால் பென்சில் கோடு இடப்பக்கம் சாயும். எல்லாருக்கும் வலப்பக்கம் சாயும். 2013 தாளில் கோடு இடப்பக்கம். பிரபா கொடுத்த தாளிலும் இடப்பக்கம். அப்போதெல்லாம் இரண்டு எடுப்பேன், ஒன்று நோட்டுக்கு, ஒன்று வண்டிக்காரருக்கு. கிளாரன்ஸ் சாருக்குக் கொடுத்த தாள் அது. சார் போன பிறகு அவர் வீட்டுப் பழைய சாமானை விற்றுக் கொடுத்தது யார்? இவன்தான். நான் எடுத்த தாளையே பன்னிரண்டு வருஷம் கழித்து என்னிடமே நீட்டியிருக்கிறான். நானும் பல்லை இளித்துக்கொண்டு வாங்கியிருக்கிறேன்.

அப்படியானால் பொம்மனஹள்ளியில் நின்றது என்ன வண்டி?

ஜனவரி 28

பிரபாவுக்குப் போன். கத்தினேன், வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். அவன் குரல் ஏறவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "எதுக்குக்கா பேஜார் பண்றீங்க? எஞ்சின் அசலு. மீதி யார் பாக்கப் போறா? கல்யாணத்துக்கு நாலு தெரு சுத்தும், அப்புறம் ஷெட்ல நிக்கும்." வெங்கடராமனிடம் சொல்லப் போகிறேன் என்றேன். அதற்கு அவன், "சொல்லுங்க. ஆனா நேர்ல பாத்தேன், என் கையால எடுத்தேன்னு எழுதினது யாரு? நான் வெறும் புரோக்கர்தானே அக்கா."

அக்காவாம். அந்த வாயில் அக்கா!

ஜனவரி 30

மல்லேஸ்வரம் போனேன். வண்டி ஏற்கெனவே அங்கே போய்விட்டது. இன்சூரன்ஸ் போட்டோ எடுக்க வேண்டும் என்று பொய். வெங்கடராமன் வாசலுக்கே வந்து, "வாங்கோ வாங்கோ, காபி சாப்ட்டுட்டுதான் வேலை" என்றார். அதிதி ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்து தோழிகளுக்கு வீடியோ எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தாள்.

இந்தத் தடவை படுத்தேன். முட்டி செத்தாலும் பரவாயில்லை என்று படுத்தேன். சட்டத்தின் நுனியில் நம்பர் இல்லை. வழவழவென்று புதுக் கறுப்புப் பெயிண்ட். ஜீப் சட்டத்தை வெட்டி, நீளம் சேர்த்துப் பற்றவைத்திருக்கிறான் எவனோ. அதுகூடப் போகட்டும். இடப்பக்கம், முன்சக்கரத்தைத் தாங்குகிற இடத்தில் பற்றவைத்த தழும்பின் குறுக்கே, தலைமுடி அளவுக்கு ஒரு கோடு. நகத்தால் சுரண்டினேன். துரு உதிர்ந்தது. பெயிண்டுக்கு அடியில் விரிசல். இன்று விடுமா, பத்து வருஷம் தாங்குமா, யாருக்குத் தெரியும்? விட்டால் சக்கரம் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம்.

எழுந்து கையைத் துடைத்தேன். "எல்லாம் சரியா இருக்கோன்னோ?" என்று கேட்டார்.

இருக்கிறது என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அந்தப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். அதனால் என்று எழுதினால் அழகாக இருக்கும். பொய். என் பெயர் போய்விடும் என்று சொன்னேன். இருபத்திரண்டு வருஷப் பெயர். அவ்வளவுதான் விஷயம்.

பிப்ரவரி 4

ஒரு கடிதம் எழுதினேன். எல்லாம் எழுதிவிட்டேன் — தாள், விரிசல், என் பொய். கைப்பையில் இருக்கிறது. ஜானவாசத்துக்கு முன்னால் அவர் கையில் கொடுத்தே ஆக வேண்டும்.

பிப்ரவரி 6

வீடு வரை போனேன். பந்தல்காரர்கள் இருந்தார்கள். திரும்பிவிட்டேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஐந்து மணிக்குக் கோவில் வாசலில் நின்றேன். நாயனம் ஆரம்பித்துவிட்டது. வெங்கடராமனைத் தனியாகப் பிடிக்கவே முடியவில்லை. பட்டு வேட்டியும் கூலிங் கிளாஸுமாக ஸ்டியரிங்கில் ஏறி உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் மாப்பிள்ளை, கோட்டு சூட்டு, மாலை. அப்புறம் குழந்தைகள். இவர்கள் வழக்கமாம், மாப்பிள்ளைக் காரில் வாண்டுகள் எல்லாம் ஏறிக்கொள்ள வேண்டுமாம். சீட்டுக்குப் பின்னால் சாமான் வைக்கிற இடத்தில் மூன்று, பக்கப் பலகையில் நான்கு. ஏழு. எண்ணினேன். அந்த நான்கும் இடப்பக்கம்.

ஆண்டவரே, ஆண்டவரே என்று வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. இடப்பக்க மட்கார்டில் கையை வைத்துக்கொண்டு மண்டபம் வரை கூடவே நடந்தேன். ஏதோ நான் பிடித்தால் நின்றுவிடும் மாதிரி! "மேடத்துக்கு வண்டி மேல என்ன பிரியம் பாரேன்" என்று யாரோ ஒரு மாமி சொன்னாள். ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் உள்ளே ‘டக்’. என் உள்ளங்கைக்கு மட்டும் கேட்டது.

முக்கால் மணி நேரம். ஒன்றும் ஆகவில்லை.

குழந்தைகள் குதித்து இறங்கி ஓடின. நான் மண்டபத்துக் கழிவறையில் போய் அழுதேன். டிபன் சாப்பிட்டேன். கடிதத்தைத் திருப்பி வீட்டுக்கே கொண்டுவந்தேன்.

பிப்ரவரி 11

ஒன்றும் ஆகவில்லையே. இனி அது ஷெட்டில்தானே நிற்கப் போகிறது. பிரபா சொன்னது அவ்வளவு தப்பில்லையோ?

மார்ச் 14

வெங்கடராமன் கல்யாண ஆல்பத்திலிருந்து ஒரு படம் அனுப்பினார். மட்கார்டில் கை வைத்தபடி நான். முகம் சாவு வீட்டுக்கு வந்தவள் மாதிரி இருக்கிறது.

மே 4, ஞாயிறு

திருப்பலி முடிந்து வெளியே வந்ததும் தெரியாத நம்பரிலிருந்து போன். "ஆஞ்சலா மேடம்தானே? நான் கேசவ். வெங்கடராமன் சார்கிட்ட இருந்து எம்.ஜி. வாங்கியிருக்கேன்."

வெங்கடராமனுக்கு இடம் போதவில்லையாம், விற்றுவிட்டார். இந்தப் பையன் சாஃப்ட்வேர்காரன், வயது முப்பத்து இரண்டோ மூன்றோ. "ரொம்ப யோசிச்சேன் மேடம். உங்க சர்டிபிகேட்டப் பார்த்துட்டுதான் தைரியம் வந்துச்சு. என் ஒய்ஃப் வீணாவுக்கும் வண்டின்னா உயிரு. வாராவாரம் சூர்யோதயம் பாக்க நந்தி மலைக்குப் போகப்போறோம்."

மலை. இறக்கம். அந்த இடது சக்கரம்.

சொல்லு. சொல்லுடி. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. தேவாலயப் படியில் ஜனங்கள், ஃபாதர் வேறு என்னைப் பார்த்துக் கையசைத்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"மெதுவா ஓட்டுங்க" என்றேன்.

"கண்டிப்பா மேடம்" என்றான். எவ்வளவு மரியாதையான பையன்.

மே 5

நாளைக்குக் கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறேன்.

மே 19

கூப்பிட்டேன். எடுக்கவில்லை. அவனே திரும்ப அழைத்தபோது நான் எடுக்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

காலை ஒன்பதரை. நந்தி மலைப் பக்கத்துக் காவல் நிலையத்திலிருந்து போன். வண்டியில் என் சான்று இருந்ததாம். அதிலிருந்த என் போன் நம்பரைப் பார்த்துக் கூப்பிட்டார்கள்.

ஜூன் 17, செவ்வாய்

போய்விட்டு வந்தேன்.

கேசவ் மலை இறக்கத்திலேயே உயிரை விட்டுவிட்டான். வீணாவுக்கு இடுப்பெலும்பு முறிவு. பேசுகிறாள். இன்ஸ்பெக்டர் அவள் வாக்குமூலத்தைக் கன்னடத்தில் வாசித்துக் காட்டினார். அதில் ஒரு வரி: ‘வண்டிக்கு சர்டிபிகேட் கொடுத்த மேடம் மெதுவாக ஓட்டச் சொல்லியிருந்தார். அதனால் என் கணவர் மெதுவாகத்தான் ஓட்டினார்.’ இன்னொரு தடவை வாசிக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

நிலையத்துக்குப் பின்னால், வேப்ப மரத்தடியில் கிடந்தது. சேஸிஸ் நம்பரைச் சரிபார்த்துத் தரச் சொன்னார்கள். இப்போது நான் படுக்க வேண்டியதில்லை; வண்டிதான் ஒருக்களித்துப் படுத்திருந்தது. தழும்பு பிளந்திருந்தது. உள்ளே பாதி பழைய துரு, பாதி புதுப் பளபளப்பு. பழைய துரு எனக்குத் தெரிந்ததுதான்.

சட்டத்தின் நுனியில் தாளை வைத்தேன். பென்சிலை எடுத்துத் தேய்த்தேன். ஒரு கான்ஸ்டபிள் குனிந்து பார்த்தார். தாள் முழுக்க இடப்பக்கம் சாய்ந்த கோடுகள். நடுவில் எதுவும் எழும்பவில்லை.

"நம்பர் எல்லி, மேடம்?" எங்கே என்று கேட்டார்.

இல்லை என்றேன். ஜனவரியிலேயே இல்லை என்றேன். இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார். நிலையத்துக்குள் போனதும் கைப்பையிலிருந்து பிப்ரவரிக் கடிதத்தையும், நோட்டிலிருந்து இரண்டு 4172 தாள்களையும் எடுத்து மேசையில் வைத்தேன். பிரபாவின் பெயரைச் சொன்னேன். அதற்கு முன்னால் என் பெயரைச் சொன்னேன். உட்காருங்கள் என்று நாற்காலியைக் காட்டி, எல்லாவற்றையும் எழுத்தில் கேட்டார்.

எழுதினேன். கடைசியில் பழக்கத்தில் அந்த வரியும் வந்தது: சேஸிஸ் எண்ணை நேரில் கண்டு, என் கையால் பென்சில் பிரதி எடுத்துள்ளேன். ‘சேஸிஸ் எண்ணை நேரில் கண்டு’ என்பதை மட்டும் கோடு போட்டு அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.